கழுத்துவளையத்தின் திறவுகோல் யார் கையில்? - மிகுபுனைவுகளில் ஆள்தலும் பணிதலும்

சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வு மாணவி ஒருவர் நம்மிடம் வந்து, ஆங்கில அறிவியல் புனைகதைகளிலும் மிகுபுனைவுகளிலும் அடிமைத்தனமும் காமமும் பிணைந்து வரும் இடங்களை ஒப்பிலக்கிய நோக்கில் ஆராயலாமா என்று கேட்டார். துறைக் கூட்டத்தில் அத்தலைப்பு இரண்டு நிமிடங்கூட நிற்கவில்லை. "இதெல்லாம் ஒரு தலைப்பா?" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தனர். நாமும் வாய் திறக்கவில்லை. அவர் வேறொரு தலைப்பில் நல்லதொரு ஆய்வேடு எழுதிப் பட்டமும் பெற்றுவிட்டார். ஆயினும் அன்றைய நம் மௌனம் நம்மை விட்டபாடில்லை. அவர் பட்டியலிட்டுத் தந்த நூல்களைப் பின்னர் விடுமுறைதோறும் ஒவ்வொன்றாகப் படித்தோம். இக்கட்டுரை அம்மாணவிக்கு நாம் பட்ட கடன் என்று கொள்க.

ஆங்கிலத்தில் இன்று 'பி.டி.எஸ்.எம்.' என்னும் நான்கெழுத்துச் சுருக்கம் வழங்குகிறது. கட்டுதல், ஒறுத்தல், ஆளுதல், பணிதல், வலி தருதல், வலி ஏற்றல் ஆகியவற்றை இருவர் தம் இசைவோடு காம வாழ்வின் பகுதியாக்கிக் கொள்வதை இது குறிக்கும். இவ்வரையறையின் உயிர் 'இசைவு' என்னும் ஒரு சொல்லில் இருக்கிறது. அதை நீக்கிவிட்டால் எஞ்சுவது கொடுமை மட்டுமே. அப்படியாயின், இசைவுக்கே இடமில்லாத அடிமைச் சந்தைகளும் சவுக்குகளும் நிறைந்த கற்பனை உலகங்களில் இவ்விருப்பம் ஏன் இத்தனை காலம் குடியிருந்தது? நாம் விடை தேட முயல்வது இவ்வினாவுக்குத்தான்.

பெயர் வந்த கதை

ஆஸ்திரிய எழுத்தாளர் லியோபோல்ட் ஃபான் சாகர்-மசோக் 1870ஆம் ஆண்டில் 'வீனஸ் இன் ஃபர்ஸ்' என ஆங்கிலத்தில் அறியப்படும் குறுநாவலை வெளியிட்டார். தான் விரும்பும் பெண்ணுக்கு அடிமையாக இருக்க ஒருவன் ஒப்பந்தம் எழுதித் தருவது அதன் கதை. கதைக்கு முன்பே, 1869ஆம் ஆண்டு இறுதியில், ஃபானி பிஸ்டர் என்னும் பெண்ணுடன் ஆறு மாத காலத்துக்கு இத்தகைய ஒப்பந்தமொன்றில் அவரே கையெழுத்திட்டிருந்தார். மனநோய் மருத்துவர் கிராஃப்ட்-எபிங் 1890ஆம் ஆண்டில், வலியையும் பணிவையும் நாடும் விருப்பத்துக்கு 'மசோகிசம்' என்று பெயரிட்டார். அப்போது அவ்வெழுத்தாளர் உயிரோடிருந்தார். தம் குடும்பப் பெயர் ஒரு நோயின் பெயராவதைக் கண்ணெதிரே பார்க்க நேர்ந்த எழுத்தாளர் உலகில் வேறு எவரேனும் உண்டா என்பது ஐயமே.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. சாகர்-மசோக்கின் கதையில் ஒப்பந்தம் இருந்தது. கால வரையறை இருந்தது. இரு தரப்பும் கையெழுத்திட்டனர். மருத்துவம் நோயை எடுத்துக்கொண்டது, ஒப்பந்தத்தை விட்டுவிட்டது. விட்டுப்போன அந்த ஒப்பந்தம் இலக்கியத்தின் வழியே திரும்பி வர நெடுங்காலம் பிடித்தது.

அட்டைப்படத்தில் சவுக்கு

1930களில் அமெரிக்காவின் மலிவுத்தாள் இதழ்கள் மிகுபுனைவை வளர்த்தன. அவற்றுள் 'வியர்ட் டேல்ஸ்' தலையாயது. அதன் 1933 செப்டம்பர் இதழின் அட்டையில், கட்டுண்ட பெண்ணொருத்தியை மற்றொருத்தி சவுக்கால் அடிக்கும் ஓவியம் வந்தது. ராபர்ட் ஈ. ஹோவர்ட் எழுதிய கோனன் கதைக்காக வரையப்பட்டது அது. வரைந்தவர் 'எம். பிரண்டேஜ்' என்று மட்டும் கையொப்பமிட்டிருந்தார். அவர் மார்கரெட் பிரண்டேஜ் என்னும் பெண்மணி என்பதை வாசகர்கள் பின்னரே அறிந்தனர். இத்தகைய காட்சி ஒன்று கதையில் இருந்தால் அட்டைப்படம் தம் கதைக்குக் கிடைக்கும் என்று எழுத்தாளர்கள் கணக்கிட்டதாகவும் சொல்லப்படுவதுண்டு.

நிகழ்கால நியூயார்க்கில் நடக்கும் கதையில் இக்காட்சியை வைத்தால் காவல்துறை வரும். பாழடைந்த பழநகரில் வைத்தால் அது வீரசாகசம். மிகுபுனைவு இவ்விருப்பத்துக்குத் தந்த முதல் கொடை முகமூடிதான். நாடு வேறு, காலம் வேறு, சட்டம் வேறு. ஆகவே எழுதியவர்க்கும் வாசித்தவர்க்கும் பொறுப்பில்லை. ஆனால் அம்முகமூடிக்கு ஒரு விலையும் இருந்தது. அந்நகரங்களில் கட்டுண்ட பெண்ணிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. அவள் 'வேண்டாம்' என்பதற்குக் கதையில் எந்தப் பயனும் இல்லை.

பேராசிரியரின் பொற்கயிறு

அடுத்து வருபவர் வில்லியம் மூல்ட்டன் மார்ஸ்டன். ஹார்வர்டில் உளவியல் கற்றவர். இரத்த அழுத்தத்தைக் கொண்டு பொய்யைக் கண்டறியும் சோதனையை உருவாக்கியவர். அச்சோதனையை நீதிமன்றம் சான்றாக ஏற்க மறுத்த 1923ஆம் ஆண்டின் ஃப்ரை வழக்கு அமெரிக்கச் சட்டக் கல்வியில் புகழ்பெற்றது. 1928ஆம் ஆண்டில் 'எமோஷன்ஸ் ஆஃப் நார்மல் பீப்பிள்' என்னும் நூலில் மனித உணர்வுகளை நான்காக வகுத்தார். ஆளுகையும் பணிவும் அவற்றில் இரண்டு. நூலின் தலைப்பே ஒரு வாதம். பிறர் பிறழ்வு என்றதை அவர் இயல்பு என்றார். அன்புடைய ஒருவரின் ஆளுகைக்கு மகிழ்ந்து பணிவதைக் கற்றுக்கொண்டால் உலகில் போர் ஒழியும் என்பதும், அத்தகைய அன்பாட்சிக்கு உரியவர் பெண்களே என்பதும் அவருடைய கொள்கை.

இக்கொள்கையைப் பரப்ப அவர் தேர்ந்த ஊடகம் சித்திரக்கதை. 1941ஆம் ஆண்டின் இறுதியில் 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' எட்டாம் இதழில் வொண்டர் வுமன் பிறந்தாள். ஓவியர் எச். ஜி. பீட்டர். அமேசான் பெண்கள் முன்னொரு காலத்தில் ஹெர்குலிஸால் விலங்கிடப்பட்டதன் நினைவாகக் கைவளை அணிகின்றனர். ஆண் ஒருவன் அவ்வளைகளைச் சங்கிலியால் பிணைத்துவிட்டால் நாயகி வலிமை இழப்பாள். அவளிடமுள்ள பொற்கயிற்றை இன்றைய திரைப்பட ரசிகர்கள் உண்மை பேச வைக்கும் கயிறாகவே அறிவர். மார்ஸ்டனின் மூலக்கதைகளில் அது கட்டுண்டவரைக் கட்டளைக்குப் பணிய வைக்கும் கயிறு.

அக்கதைகளில் ஏறத்தாழ எல்லோரும் எப்போதாவது கட்டப்படுகிறார்கள். சங்கிலிக்கு இன்னொரு மரபும் இருந்ததை வரலாற்றாசிரியர் ஜில் லெபோர் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். பெண் வாக்குரிமைப் போராட்டக் கேலிச்சித்திரங்களில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட பெண் வழக்கமான உருவம். மார்ஸ்டன் தம் மனைவி எலிசபெத் ஹாலோவேயுடனும் ஆலிவ் பைர்னுடனும் ஒரே இல்லத்தில் வாழ்ந்தார். ஆலிவ், குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கத் தலைவி மார்கரெட் சாங்கரின் சகோதரி மகள். அவர் அணிந்திருந்த கைவளைகளே நாயகியின் வளைகளுக்கு முன்மாதிரி. ஆக, ஒரே சங்கிலி அரசியல் சின்னமாகவும் அந்தரங்கச் சின்னமாகவும் இயங்கியது.

1943ஆம் ஆண்டில் குழந்தைக் கல்வி அமைப்பைச் சேர்ந்த ஜோசெட் ஃபிராங்க், பதிப்பாளர் கெய்ன்ஸுக்கு எழுதிய மடலில் இச்சங்கிலிக் காட்சிகளைக் கண்டித்தார். சங்கிலிகள் தமக்குத் தரும் கிளர்ச்சியைப் பற்றி ஒரு படைவீரரும் அதே ஆண்டில் மடல் எழுதினார். கலக்கமுற்ற பதிப்பகத்தில் உதவியாசிரியர் டாரதி ரூபிசெக், சங்கிலியின்றிப் பெண்களை அடைத்து வைக்கும் வழிகளைப் பட்டியலிட்டார்; அப்பட்டியலைக் கொண்டு சங்கிலிப் பயன்பாட்டை 50 முதல் 75 விழுக்காடு வரை குறைக்கலாம் என்று கெய்ன்ஸ் மார்ஸ்டனுக்கு எழுதினார்! ஓர் இலக்கியச் சிக்கலுக்கு விழுக்காட்டில் தீர்வு சொன்ன இந்தக் குறிப்பைப் படித்தபோது நம் துறைக் கூட்டங்களை நினைத்துக்கொண்டோம்.

மார்ஸ்டனிடம் நமக்குள்ள தயக்கம் வேறு. அவர் கதைகளில் குற்றவாளிப் பெண்களைத் திருத்தும் தீவு ஒன்று வரும். அங்கே அவர்களுக்கு 'வீனஸ் கச்சை' அணிவிக்கப்படும். அதை அணிந்தவர்க்குத் தீமை செய்யும் விருப்பம் மறையும்; பணிவு இனிக்கும். நோக்கம் அன்புதான். ஆயினும், மறுக்கும் ஆற்றலையே கழற்றி வைத்துவிட்டுப் பெறும் பணிவை இசைவு எனலாமா? அன்பின் பெயரால் ஆளும் எவரும் இவ்வினாவை எதிர்கொண்டே ஆக வேண்டும். ஆசிரியர்களாகிய நாமும் இதற்கு விலக்கல்லர்.

எதிர்ப்புவியின் சந்தை

நியூயார்க் நகரக் குயின்ஸ் கல்லூரியில் தத்துவம் கற்பித்த ஜான் லாங்கே, 'ஜான் நார்மன்' என்ற புனைபெயரில் எழுதிய முதல் நாவல் 1966ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. 'டார்ன்ஸ்மன் ஆஃப் கோர்' என்பது அதன் பெயர். சூரியனுக்கு மறுபுறம் நம் கண்ணில் படாமல் சுற்றிவரும் எதிர்ப்புவி ஒன்றுண்டு. அங்கே பண்டைய கிரேக்க, உரோம நகரங்களைப் போன்ற நகர்கள் உண்டு, அடிமைகளும் உண்டு. தொடக்க நூல்கள் பரோஸின் செவ்வாய்க் கிரகக் கதைகளின் வழிவந்த சாகசங்களே. போகப்போகச் சாகசம் சுருங்கி அடிமைத்தனம் பற்றிய நெடும் உரைகள் பெருகின. பெண் இயல்பிலேயே அடிமையாக விரும்புபவள். புவியின் நாகரிகம் அவளை அதிலிருந்து தடுத்துத் துயருறச் செய்கிறது என்பது அவற்றின் சாரம். 1972ஆம் ஆண்டின் 'கேப்டிவ் ஆஃப் கோர்' போன்ற நூல்களில், புவியிலிருந்து கடத்தப்பட்ட பெண்ணே கதைசொல்லி. அழுகிறாள், எதிர்க்கிறாள், இறுதியில் தளையில் நிறைவு காண்கிறாள்.

1988ஆம் ஆண்டுக்குள் 25 நூல்கள் வந்தன. பெண்ணியர்களின் கண்டனமும் வளர்ந்தது. பிறகு பதிப்பகம் கைவிட, நீண்ட இடைவெளிக்குப் பின் 2001ஆம் ஆண்டிலிருந்து வேறு பதிப்பகங்கள் வழியே தொடர் மீண்டும் வளர்ந்தது.

இந்நூல்களைத் தடை செய்ய வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. இவற்றிலுள்ள தந்திரத்தைச் சுட்டுவதே நம் நோக்கம். புனைகதையில் பாத்திரத்தின் மனம் எழுத்தாளரின் கையிலுள்ள களிமண். 'அவள் உள்ளூர விரும்பினாள்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் விரும்பியதாகிவிடும். அடிமை முறை நிலவிய நாடுகளில் எல்லாம் உடையவர்கள் சொல்லிக்கொண்டதும் இதே வரிதான். இதில் நகைமுரண் ஒன்றுண்டு. இந்நூல்களைப் படித்து அவ்வாழ்வைத் தம் இல்லங்களில் நடித்து வாழும் குழுக்கள் மேலைநாடுகளில் தோன்றின. அங்கே வளையம் அணிபவர் தாமே விரும்பி அணிகிறார். விரும்பினால் விலகவும் செய்கிறார். நூலில் இல்லாத இசைவை வாசகர்கள் தம் வாழ்வில் வருவித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அடிமையின் பேரன் எழுதிய கதை

நார்மனுக்கு நேரெதிரே நாம் வைக்க விரும்பும் எழுத்தாளர் சாமுவேல் ஆர். டிலேனி. கருப்பின அமெரிக்கர், தம் தன்பால் ஈர்ப்பை மறைக்காதவர். அவருடைய தந்தைவழிப் பாட்டனார் ஹென்றி பியர்ட் டிலேனி, 1858ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, பின்னாளில் கிறித்தவப் பேராயர் நிலைக்கு உயர்ந்தவர். இச்செய்தியை மனத்திற் கொண்டே டிலேனியின் 'நெவெரியான்' கதைகளைப் படிக்க வேண்டும். 1979 முதல் 1987 வரை நான்கு நூல்களாக அவை வந்தன.

நாகரிகம் அரும்பும் ஒரு பழநாடு. பணமும் எழுத்தும் அப்போதுதான் பரவத் தொடங்கியுள்ளன. நாயகன் கோர்கிக் சுரங்கத்தில் அடிமையாக உழைத்தவன். விடுதலை பெற்றுப் படைவீரனாகி, அடிமை முறையை ஒழிக்கப் புறப்படுகிறான். இதுவரை பழகிய கதைதான். ஆனால் அந்த விடுதலை வீரன் தன் கழுத்தில் அடிமையின் இரும்பு வளையத்தை மீண்டும் அணிகிறான். நாட்டில் கடைசி அடிமை விடுபடும் வரை கழற்றேன் என்னும் சூளுரை அதற்கு ஒரு பொருள். அவனுடைய காமத்துக்கு அவ்வளையம் தேவைப்படுகிறது என்பது மற்றொரு பொருள். இரண்டையும் அவன் மறைப்பதில்லை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை நியாயப்படுத்துவதும் இல்லை.

கொடுமையின் சின்னம் எப்படி விருப்பத்தின் சின்னமாகும்? டிலேனி தரும் விடை குறியியல் சார்ந்தது. சின்னத்தின் பொருள் இரும்பில் இல்லை. அதை யார், எவ்வாறு, எந்த உறவில் அணிகிறார் என்பதில் இருக்கிறது. சந்தையில் பூட்டிய வளையத்தின் திறவுகோல் உடையவனிடம் இருக்கும். கோர்கிக் அணிந்த வளையத்தை அவன் விரும்பியபோது கழற்றலாம். இரும்பு ஒன்றே, வாழ்வு வேறு.

தமிழாசிரியர்களுக்கு இது புதிதன்று. 'அடி' என்னும் ஒரே வேரிலிருந்துதான் விற்கப்பட்டவனைக் குறிக்கும் 'அடிமை'யும், பக்தன் உவந்து தனக்குச் சூட்டிக்கொள்ளும் 'அடியார்' என்னும் பெயரும் கிளைத்தன. பக்தியையும் காம வழக்கத்தையும் ஒன்றெனச் சொல்கிறோம் என்று எவரும் கொள்ள வேண்டா. ஒரே சொல் நுகத்தடியாகவும் அணிகலனாகவும் ஆகலாம் என்பதற்கு நம் மொழியே சான்று என்பதுதான் நம் கருத்து.

டிலேனி இன்னொன்றையும் மறவாமல் செய்கிறார். வளையத்தைக் கண்டு அஞ்சுவோரும் அருவருப்போரும் அவர் கதைகளில் இருக்கிறார்கள். அவர்களை அவர் எள்ளுவதில்லை. மூன்றாம் நூலில், எய்ட்ஸ் பரவிய 1980களின் நியூயார்க்கையும் தம் கற்பனை நாட்டின் கொள்ளைநோயையும் அடுத்தடுத்து வைத்துக் கதை சொன்னார். நான்காம் நூலை முந்தைய பதிப்பகம் வெளியிடவில்லை. 1987ஆம் ஆண்டில் வேறொரு பதிப்பகம் வழியே வந்தது. பின்னாளில் ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகமே நான்கையும் மறுபதிப்பாக வெளியிட்டது. துறைக் கூட்டங்கள் எங்கும் நம்முடையதைப் போல் இருக்க வேண்டியதில்லை என்று தெரிந்தபோது சற்றே வெட்கினோம்.

நிறுத்தும் சொல்

டிலேனி எழுதிக்கொண்டிருந்த அதே 1980களில் அமெரிக்காவில் பெண்ணியர்கள் இரு அணியாகப் பிரிந்து மோதினர். இவ்விருப்பம் ஆணாதிக்கத்தின் எச்சம் என்றது ஓரணி. பெண்ணின் உடல்மேல் பெண்ணுக்குள்ள உரிமை என்றது மற்றோர் அணி. நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் 1982ஆம் ஆண்டு நடந்த மாநாட்டில் அம்மோதல் உச்சம் கண்டது. 'தீங்கின்மை, தெளிவு, இசைவு' என்ற பொருள்படும் முழக்கமும் அக்காலத்தில், 1983ஆம் ஆண்டில், நியூயார்க் குழுவொன்றிலிருந்து எழுந்தது.

இவ்விவாதங்களின் விளைச்சலாக 2001ஆம் ஆண்டில் வந்த நாவல் ஜாக்குலின் கேரியின் 'குஷியல்ஸ் டார்ட்'. சிறந்த முதல் நாவலுக்கான லோகஸ் விருதை 2002ஆம் ஆண்டில் பெற்றது. இடைக்காலப் பிரான்சை ஒத்த டெர் டான்ஜ் என்னும் நாடு. விரும்பியவாறு நேசிப்பதே அதன் சமயநெறி. நாயகி ஃபெட்ர இடக்கண்ணில் செம்புள்ளியோடு பிறந்தவள். தெய்வம் தைத்த அடையாளம் அது. வலியில் இன்பம் காண்பது அவள் இயல்பு. அந்நாட்டில் அது நோயுமன்று, பாவமுமன்று. அவளிடம் வருவோர் ஒப்பந்தம் எழுத வேண்டும். 'சிக்னால்' எனப்படும் நிறுத்தும் சொல்லை அவள் உரைத்தால் எதுவாயினும் அக்கணமே நிற்க வேண்டும். 1870ஆம் ஆண்டின் ஒப்பந்தம், இழந்த இடத்துக்கு மீண்டு வந்தது இங்கேதான்.

கேரி இத்தோடு நின்றிருந்தால் நூல் இனிய கனவாக முடிந்திருக்கும். வஞ்சகத்தால் ஃபெட்ர அயல்நாட்டில் அடிமையாக விற்கப்படுகிறாள். அங்கே ஒப்பந்தமில்லை, நிறுத்தும் சொல்லுக்குச் செவிசாய்ப்போர் இல்லை. அவள் உடல் பழைய இயல்புப்படி எதிர்வினை காட்டுகிறது. உள்ளமோ அவமானத்தில் குமுறுகிறது. உடல் காட்டும் எதிர்வினை இசைவாகாது என்பதை இத்தனை தெளிவாகச் சொன்ன வெகுசன மிகுபுனைவை நாம் வேறு கண்டதில்லை. 'உள்ளூர விரும்பினாள்' என்னும் நார்மன் வகை வாதத்துக்கு இதைவிட நல்ல மறுமொழி ஏது?

பின்னர் 2011ஆம் ஆண்டில் வந்து உலகெங்கும் விற்ற 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே', இரத்தக்காட்டேரிக் கதையான 'ட்வைலைட்' நாவலின் வாசகர் ஒருவர் எழுதிய வழிப்புனைவாகத் தொடங்கியது என்பது பலர் அறிந்ததே. காட்டேரியை நீக்கிய இடத்தில் கோடீசுவரன் வந்தான். மாயசக்தியின் இடத்தைப் பணம் பிடித்துக்கொண்டது. ஆளுகையின் ஏற்றத்தாழ்வு மட்டும் அப்படியே நின்றது. மருத்துவமும் மெல்ல மாறியது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு, விருப்பம் வேறு, நோய் வேறு எனப் பிரித்தது. 2019ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில், இசைவோடு நிகழ்வது நோயாக இடம்பெறவில்லை. இசைவின்றித் துன்புறுத்தும் இயல்பு மட்டும் நோயாகத் தொடர்கிறது.

அளவுகோல் ஒன்று

இந்நெடும் வரலாற்றிலிருந்து வாசகர்க்குக் கிடைக்கும் அளவுகோல் எளியது. கதையில் சங்கிலி இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவதும் பயனற்றது. 'கற்பனைதானே' என்று விட்டுவிடுவதும் பயனற்றது. கட்டுண்டவர் 'வேண்டாம்' என்றால் அக்கதையுலகில் என்ன நிகழ்கிறது என்று கேட்க வேண்டும். மலிவுத்தாள் கதைகளில் அச்சொல் காற்றில் போகிறது. மார்ஸ்டனின் தீவில் அச்சொல் எழாதபடி கச்சை பார்த்துக்கொள்கிறது. நார்மனிடம் 'வேண்டாம்' என்பதே 'வேண்டும்' என்று பொருள் திரிக்கப்படுகிறது. டிலேனியிடம் அச்சொல்லுக்குத் திறவுகோலின் வடிவம் கிடைக்கிறது. கேரியிடம் அதற்குச் சமயத்தின் காவலும், அக்காவல் அற்ற இடத்தின் கொடுமையும் ஒருங்கே கிடைக்கின்றன.

இவ்வளவுகோல் இவ்வகை நூல்களுக்கு மட்டும் உரியதென்று நமக்குத் தோன்றவில்லை. கணவன் மனைவி, முதலாளி தொழிலாளி, ஆசிரியர் மாணவர் என ஏற்றத்தாழ்வுள்ள எந்த உறவையும் இதைக்கொண்டு அளந்து பார்க்கலாம். அன்றைய துறைக் கூட்டத்தில் அம்மாணவி தலைகுனிந்து, "சரிங்க ஐயா, வேற தலைப்பு எடுத்துக்கறேன்" என்றார். அதை இசைவு என்றே நாம் குறித்துக்கொண்டோம். அவர் 'முடியாது' என்று சொல்லியிருந்தால் அவ்வறையில் என்ன நிகழ்ந்திருக்கும் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறோம்.